பன்னீர் திராட்சையும் 'இயற்கை' சர்க்கரையும்

"இயற்கைச் சர்க்கரை" என்ற சொல் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் உண்டு. பழத்துல இருக்கிறது இயற்கையான இனிப்பு, அது உடம்பை ஒண்ணும் செய்யாதுன்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு. சுகர்னு தெரிஞ்சுட்டா திராட்சை, மாம்பழம், வாழைப்பழம் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்ற கோஷ்டி இன்னொண்ணு. எங்க தேனி மாவட்டத்துல, குறிப்பா கம்பம் பள்ளத்தாக்குல, இந்த ரெண்டு கோஷ்டியும் ஒரே வீட்டுக்குள்ள இருப்பாங்க. வாசலைத் தாண்டினா திராட்சைப் பந்தல் இருக்கிற ஊர்ல இந்த வழக்கைத் தீர்க்காம விட்டா எப்படி?

எங்க மென்பொருள் தொழில்ல ஒரு கோளாறு வந்தா, அது எப்போ எந்த மாற்றத்தோட உள்ளே நுழைஞ்சதுன்னு ஒவ்வொரு படியா பின்னாடி போய்ப் பார்ப்போம். அதையே இங்கயும் செஞ்சு பார்க்கலாம்னு தோணிச்சு. திராட்சைக்குள்ள சர்க்கரை இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு, அந்தத் திராட்சை எங்க ஊருக்கு எப்படி வந்தது, வருஷம் முழுக்க அது எப்படிக் கிடைக்குது... இப்படித் தோண்டிக்கிட்டே போனா "இயற்கை" என்ற வார்த்தை எங்கயும் நிக்கவே மாட்டேங்குது. பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டு படிங்க. (டீயில சீனி எவ்வளவுங்கிறதைக் கடைசியில பேசுவோம் :-))

சீனி வேற, சர்க்கரை வேற

முதல்ல ஒரு சொல் விளக்கம். எங்க பக்கம் வெள்ளையா இருக்கிறது சீனி. பழுப்பா இருக்கிற நாட்டுச்சர்க்கரைதான் சர்க்கரை. சென்னைக்கு வந்த புதுசுல கடையில "சீனி" கேட்டா சிரிக்கிறாங்க, "சர்க்கரை" கேட்டா சீனியை எடுத்துத் தர்றாங்க. இந்தப் பதிவுல சீனின்னு சொன்னா வெள்ளைச் சீனி. சர்க்கரைன்னு சொன்னா வேதியியல்ல வர்ற பொதுப்பெயர். குழப்பம் வேண்டாம்.

திராட்சைங்கிற பேரும் வடமொழியில இருந்து வந்ததுதான். இதுக்குக் கொடிமுந்திரின்னு ஒரு பேர் உண்டு. மா, பலா, வாழைன்னு நாம எண்ணின முக்கனியில திராட்சைக்கு இடம் கிடையாது. அது வெளியூர்ல இருந்து வந்த சரக்கு.

பெர்லினும் நெப்போலியனும்

ஆஸ்பத்திரியில படுத்தா ஏத்துற குளுக்கோஸ் பாட்டிலை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குளுக்கோஸை முதல்ல பிரிச்சு எடுத்தது எதுல இருந்து தெரியுமா? காய்ஞ்ச திராட்சையில இருந்து. 1747-ல, பெர்லின்ல, ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் எடுத்தார். பீட்ரூட் வகைக் கிழங்குக்குள்ள இருக்கிறதும் கரும்புல இருக்கிற அதே சீனிதான்னு காட்டினவரும் இவர்தான். 1792-ல டோபியாஸ் லோவிட்ஸ் என்பவர், திராட்சையில இருக்கிற சர்க்கரை கரும்புச் சீனி இல்லை, வேற பொருள்னு காட்டினார். "குளுக்கோஸ்"ங்கிற பேர் 1838-லதான் வந்தது. ஜெர்மன்காரங்க இன்னைக்கும் அதைத் "திராட்சைச் சர்க்கரை"ன்னுதான் சொல்றாங்க.

நடுவுல ஒரு வேடிக்கையான அத்தியாயம் இருக்கு. 1806-ல நெப்போலியன், ஐரோப்பாவுல யாரும் பிரிட்டனோட வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு தடை போட்டார். பதிலுக்கு பிரிட்டன் கடல்வழியை மறிச்சது. வெஸ்ட் இண்டீஸ் தீவுகள்ல இருந்து வந்துக்கிட்டிருந்த கரும்புச் சீனிக்குத் தட்டுப்பாடு. பிரான்சுல சீனி விலை ஏறிச்சு. அப்போ அவங்களுக்குத் தோணின மாற்று என்ன? ஊரெல்லாம் திராட்சை காய்க்குதே, அதுல இருந்தே சர்க்கரை எடுப்போம்! ஜோசஃப் புரூஸ்ட் என்ற வேதியியலாளர் திராட்சையில இருந்து சர்க்கரை எடுக்கிற முறையைச் சொன்னார். பார்மாந்தியே என்பவர் திராட்சைப் பாகு காய்ச்சச் சொல்லிப் பிரசாரம் பண்ணினார். ஆனா அது எடுபடலை. குளுக்கோஸோட இனிப்பு சீனியோட இனிப்புல முக்கால் பங்குதான் இருக்கும். 1811-ல நெப்போலியன் 32,000 ஹெக்டேர்ல பீட் கிழங்கு பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டார். அதோட திராட்சைச் சர்க்கரை கதை முடிஞ்சது.

1847-ல தூப்ரன்ஃபோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஃப்ரக்டோஸைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் கணக்கு தெளிவாயிடுச்சு. பழுத்த திராட்சையில குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, தனித்தனியா இருக்கும். சீனிங்கிறது ஒரு குளுக்கோசும் ஒரு ஃப்ரக்டோசும் கை கோத்துக்கிட்டு நிக்கிற மூலக்கூறு. நம்ம குடல்ல அந்தக் கை பிரிஞ்சுடும். பிரிஞ்சப்புறம் ரத்தத்துக்குள்ள போறது அதே ரெண்டு ஆளுங்கதான்.

இதைவிட ஒரு தமாஷ். திராட்சை இலை வெயில்ல தயாரிச்சு, தண்டு வழியா பழத்துக்கு அனுப்புறதே சீனிதான். கரும்புல இருக்கிற அதே சீனி. பழத்துக்குள்ள வந்ததும் ஒரு நொதி அதை ரெண்டாப் பிரிக்குது. பிஞ்சா இருக்கும்போது வாயில வைக்க முடியாத புளிப்பு. நிறம் மாற ஆரம்பிச்சதும் புளிப்பு இறங்கி, சர்க்கரை ஏறும். ஆக, "பழச் சர்க்கரை நல்ல ஜாதி, சீனி கெட்ட ஜாதி"ன்னு பிரிக்கிறது மூலக்கூறு அளவுல செல்லாது.

1832-ல வந்தது எந்தத் திராட்சை?

இப்ப கம்பத்துக்கு வருவோம். 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அப்போ வந்த செய்தி எல்லாத்துலயும் ஒரு வரி இருந்தது: 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார். பன்னீர் திராட்சையோட அதிகாரப்பூர்வ ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பதும் அதே செய்தியில இருக்கும்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒட்ட மாட்டேங்குது. மஸ்கட் ஹாம்பர்க் ரகம் பிறந்தது இங்கிலாந்துல, பெட்ஃபோர்டுஷயர்ல இருக்கிற ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டத்துல. அங்க தோட்டக்காரரா இருந்த சீவர்ட் ஸ்னோ 1850 வாக்குல வளர்த்தெடுத்தது. அதாவது அந்தப் பாதிரியார் வந்து கிட்டத்தட்ட 20 வருஷம் கழிச்சு! இந்த ரகத்தோட பெற்றோர் பிளாக் ஹாம்பர்க்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும்னு பின்னாடி வந்த மரபணுச் சோதனையும் உறுதி பண்ணிச்சு. லண்டன் பதிவர்களுக்கு ஒரு தகவல்: ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768-ல நட்டு இன்னைக்கும் காய்ச்சுக்கிட்டிருக்கிற பெரிய கொடி, இந்த பிளாக் ஹாம்பர்க் வகைதான். போனா நம்ம ஊர் திராட்சையோட சொந்தக்காரங்கன்னு ஒரு வணக்கம் வச்சுட்டு வாங்க.

அதனால 1832-ல பாதிரியார் திராட்சை கொண்டு வந்திருக்கலாம். ஆனா அது இப்ப நம்ம பந்தல்ல தொங்குற மஸ்கட் ஹாம்பர்க்கா இருக்க வழியில்லை. ரெண்டு வெவ்வேறு வருகைகள் சேர்ந்து ஒரே கதையா ஆயிடுச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

சர்க்கரை பத்தின பதிவுல இது எதுக்குன்னு கேக்கலாம். காரணம் இருக்கு. இந்தப் பழத்தோட இனிப்பும் வாசனையும் ஒரு மனுஷன் தேர்ந்தெடுத்து வளர்த்தது. பிளாக் ஹாம்பர்க்கோட கறுப்பு, மஸ்கட்டோட வாசனை, ரெண்டையும் ஒரே பழத்துல கொண்டு வந்தார். மஸ்கட் வகைகளோட மணத்துக்குக் காரணமான பொருட்கள்ல ஒண்ணு, ஜெரானியால், ரோஜாவுலயும் இருக்கு. நம்ம ஆட்கள் வேதியியல் தெரியாமலே "பன்னீர்"னு பேர் வச்சதுதான் ஆச்சரியம். காட்டுல தானா முளைச்ச பழம் இல்லை இது. குளிர்நாட்டுப் பணக்காரங்க கண்ணாடி வீட்டுக்குள்ள வளர்த்த செல்லப் பிள்ளை.

தண்ணியும் கத்தரியும்

கண்ணாடி வீட்டுப் பிள்ளை கம்பத்துல எப்படிப் பிழைச்சது? முதல் பதில், தண்ணி.

எங்க பக்கம் டீக்கடையில சாமி படத்தோட பென்னிகுக் படமும் இருக்கும். முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-ல ஆரம்பிச்சு 1895-ல முடிஞ்சது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணியை, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினாங்க. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணிதான். லோயர் கேம்ப்ல 2013-ல மணிமண்டபம் கட்டினாங்க. வருஷா வருஷம் ஜனவரி 15-ல அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறாங்க. நெல் வயல் ஒரு பக்கம்னா, கிணத்துலயும் போர்லயும் தண்ணி ஊறின மேட்டு நிலத்துல திராட்சைப் பந்தல். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டின்னு வரிசையா போகலாம். ஓடைப்பட்டி பக்கம் போனா விதையில்லாத் திராட்சை.

ரெண்டாவது பதில், கவாத்துக் கத்தரி. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். குளிர்நாட்டுல திராட்சைக்கொடி இலையுதிர்த்துத் தூங்கும். வசந்தத்துல எழுந்து துளிர்த்து, வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கும். நம்ம ஊர்ல குளிர்காலமே கிடையாது, கொடிக்குத் தூக்கமும் கிடையாது. சும்மா விட்டா கொடி இலையா வளர்ந்துக்கிட்டே போகும். அதனால விவசாயி கத்தரியை எடுத்துக் கவாத்து பண்றார். வெட்டுன இடத்துல புதுத் துளிர் வந்து, பூத்து, காய்ச்சு, சுமார் நாலு மாசத்துல அறுவடை. இப்படி வருஷத்துக்கு ரெண்டு, மூணு அறுப்பு பார்த்துடலாம். இந்தத் தோட்டத்துல ஆடியில கவாத்துன்னா அடுத்த தோட்டத்துல ஆவணியில. அதனால எந்த மாசம் போனாலும் பள்ளத்தாக்குல ஏதோ ஒரு பந்தல்ல பழம் இருக்கும். மகாராஷ்டிரா விதையில்லாத் திராட்சை ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் சந்தையை நிறைக்கும். நம்ம பன்னீர் திராட்சைக்கு அப்படி சீசன்னு ஒண்ணு கிடையாது.

இந்த இடத்துலதான் "தினசரி உணவுல பழம்" என்ற விஷயம் வருது. பெரியகுளம் மாம்பழம் கோடையில வரும், போயிடும். நாக்கும் உடம்பும் மீதி மாசம் ஓய்வு எடுத்துக்கும். பழங்கிறதே ரொம்ப காலத்துக்கு அப்படித்தான் இருந்தது: வந்தா கொண்டாட்டம், இல்லாட்டி இல்லை. 365 நாளும் இனிப்புப் பழம் கிடைக்கிறது மனுஷன் செஞ்ச ஏற்பாடு. அணை, ஒட்டு, கத்தரி, லாரி எல்லாம் சேர்ந்து செஞ்சது. நல்ல ஏற்பாடுதான். ஆனா அதை "இயற்கை"ன்னு சொல்லிட்டுக் கணக்குப் பார்க்காம சாப்பிட முடியாது.

அப்போ சாப்பிடலாமா, கூடாதா?

1977-ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. பத்து பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து வர்ற மாதிரி, ஒரு நாள் ஆப்பிளை முழுசா, ஒரு நாள் மசிச்சு, ஒரு நாள் ஜூஸா கொடுத்தாங்க. ஜூஸ் உள்ளே போன வேகம் முழுப்பழத்தைப் போல 11 மடங்கு. ரத்தத்துல சர்க்கரை ஏறினது மூணுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ஜூஸ் குடிச்சப்ப இன்சுலின் எகிறி, அப்புறம் சர்க்கரை ஆரம்பிச்ச இடத்தைவிடக் கீழ இறங்கிடுச்சு. முழுப்பழம் சாப்பிட்டவங்களுக்கு அப்படி இறங்கலை, வயிறும் நிறைஞ்சது.

இதைப் படிச்சுட்டு "முழுப்பழம்னா எவ்வளவு வேணா சாப்பிடலாம்"னு முடிவு பண்ணிடாதீங்க. அதே குழு 1981-ல ஆரஞ்சையும் திராட்சையையும் வச்சுத் திரும்பப் பண்ணினாங்க. ஆரஞ்சு, ஆப்பிள் மாதிரியே நடந்துக்கிச்சு. திராட்சை மட்டும் தலைகீழ்! முழுத் திராட்சைக்கு வந்த இன்சுலின், ஜூஸுக்கு வந்ததைவிட அதிகம். இன்சுலின் ஏறுறதுக்கும் பழத்தோட நார்ச்சத்துக்கும் எதிரெதிர் உறவுன்னு அவங்க சொன்னாங்க. திராட்சையில நார் கம்மி. நூறு கிராமுக்கு ஒரு கிராம் கூடத் தேறாது. கொய்யாவுல அஞ்சு கிராம் இருக்கு. சர்க்கரையோ நூறு கிராம் திராட்சையில சுமார் 15 கிராம், வாழையில 12, கொய்யாவுல 9. ஆனா ஒரு விஷயத்துல திராட்சையும் மத்த பழம் மாதிரிதான்: முழுசா சாப்பிட்டா ஜூஸைவிட வயிறு நிறையும், அடுத்த பசி மெதுவா வரும்.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்லுது? 2013-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவுல சுமார் 1,87,000 சுகாதாரப் பணியாளர்களைப் பல வருஷம் கவனிச்சாங்க. முழுப்பழம், அதுலயும் புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவங்களுக்கு ரெண்டாம் வகை சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவு. பழ ஜூஸ் குடிச்சவங்களுக்குக் கூடுதல். 2017-ல சீனாவுல சுமார் 5 லட்சம் பேர்கிட்ட எடுத்த ஆய்வுல, ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவங்கள்ல வாரத்துல மூணு நாளைக்கு மேல பழம் சாப்பிட்டவங்களுக்கு இறப்பு விகிதம் 17 சதவீதம் குறைவா இருந்தது. இதெல்லாம் கவனிச்சுப் பார்த்துச் சொன்ன தொடர்புகள்தான். பழம் சாப்பிடுற ஆள் மத்த விஷயத்துலயும் ஒழுங்கா இருந்திருக்கலாம். இருந்தாலும் "சுகர் வந்தா பழத்தைத் தொடாதே"ங்கிறதுக்கு இதுல ஆதாரம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல கோட்டைத் தெளிவாப் போட்டுச்சு. கட்டுப்படுத்த வேண்டியது "தனிச் சர்க்கரை". சமையல்ல சேர்க்கிற சீனி, வெல்லம், தேன், பாகு, பழ ஜூஸ் எல்லாம் இதுல சேர்த்தி. முழுப்பழத்துக்குள்ள இருக்கிற சர்க்கரை இதுல சேராது. தேனும் ஜூஸும் இயற்கைதானேங்கிற வாதத்தை அவங்க ஏத்துக்கலை பாருங்க. அளவு, மொத்தக் கலோரியில பத்துல ஒரு பங்குக்குக் கீழ. 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு 50 கிராம். 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லது.

இப்போ கணக்கைப் போடுங்க. தண்ணி கலக்காத திராட்சை ஜூஸ் ஒரு டம்ளர், 250 மில்லி, அதுலயே 35 கிராமுக்கு மேல சர்க்கரை. கடைக்காரர் பாசத்தோட ரெண்டு கரண்டி சீனியும் போட்டா ஒரு நாள் கோட்டா முடிஞ்சது. அதே நேரம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்ற 100 கிராம் பழம், திராட்சையில ஏறக்குறைய ஒரு கை நிறைய. அதைக் கொட்டையோட மல்லுக்கட்டி, தோலை மென்னு சாப்பிட்டு முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும். பன்னீர் திராட்சையில கொட்டை இருக்கு, தோல் தடிமன்னு குறை சொல்றாங்க இல்லையா? அதுதான் அதோட வேகத்தடை.

எங்க பெரியப்பாவுக்குச் சுகர் வந்து எட்டு வருஷம் ஆகுது. சொந்தத் தோட்டத்துல காய்க்கிற பழத்தைத் தொட மாட்டார். "அது விஷம்டா எனக்கு"ம்பார். ஆனா காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் நாலு டீ. "அரைச்சீனிதான் போடச் சொல்றேன்"னு ஒரு சமாதானம் வேற. டீக்கு ஒரு கரண்டி, அஞ்சு கிராம்னு வச்சாலும் நாலு டீக்கு 20 கிராம். நூறு கிராம் திராட்சையில இருக்கிறதைவிட அதிகம், நார் சுத்தமா கிடையாது. போன பொங்கலுக்குப் போனப்ப இந்தக் கணக்கைத் தாள்ல எழுதிக் காட்டினேன். தாளை ரெண்டு தடவை படிச்சார். "அப்ப டீயையும் நிறுத்தணும்ங்கிறியா"ன்னு கேட்டார். பழத்தைச் சேர்த்துக்கலாம்னு சொல்ல வந்தவன், அவர்கிட்ட இருந்த கடைசி சந்தோஷத்தையும் பிடுங்கிட்டேன் போல. பெரியம்மாதான் நடுவுல வந்து, "ரெண்டு டீயைக் குறைச்சுட்டு ஒரு கொத்து பழம் சாப்பிடுங்க, அளந்து நான் தர்றேன்"னு தீர்ப்பு சொன்னாங்க. எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமா சொல்லலை. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சோதிச்சுப் பார்க்கிறார், டாக்டர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்றார்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2023-ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேர்ல ஒருத்தர். தடையைப் பழத்து மேல போட்டுட்டு டீ, பிஸ்கட், மூணு வேளைச் சோறு எல்லாத்தையும் விட்டுட்டா, நோயும் குறையாது, பந்தல்காரருக்கும் நல்லதில்லை. "இயற்கை"ன்னு சொல்லி ஜூஸைக் குடிச்சா அதுவும் அதே குழிதான்.

ஆக என் முடிவு இதுதான். சர்க்கரைக்குச் சொந்த ஊர் கிடையாது. திராட்சையில இருந்தாலும் சீனி டப்பாவுல இருந்தாலும் ரத்தத்துக்குள்ள அது அதேதான். எதோட சேர்ந்து வருது, எவ்வளவு வருது, எவ்வளவு வேகமா வருது, இந்த மூணைத்தான் பார்க்கணும். பழத்தைக் கழுவி, முழுசா, ஒரு கை அளவுக்கு, சோத்துக்கு மேல அடுக்காம சாப்பிடுங்க. தினமும் திராட்சையே வேண்டாம், நடுவுல கொய்யாவும் வரட்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்து எடுத்துக்கிறவங்க, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு அளவை முடிவு பண்ணுங்க.

இன்னொரு வேண்டுகோள். பழைய மதுரை மாவட்டக் கையேடு, பாதிரியார்களோட கடிதத் தொகுப்பு, ஊர்ல தாத்தா காலத்துத் தோட்டக் கணக்கு நோட்டு, இப்படி எதையாவது பார்த்த பதிவர்கள் இருந்தா, மஸ்கட் ஹாம்பர்க் பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்ச வருஷத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. 1850-க்கு முன்னாடின்னு மட்டும் சொன்னீங்கன்னா ஸ்னோ ஐயா கோவிச்சுக்குவார் :-)